ப்ரோல்கா மலையேறிய நாள்

எட்கர் பாஸ்கோவின் கையெழுத்துக்கு நாங்கள் வைத்த விலை இருநூற்றைம்பது பவுண்டு. அந்தப் பணத்துக்கு என் அப்பாவின் பர்க் தெருக் குதிரைச் சந்தையில் பத்து நல்ல வண்டிக்குதிரைகள் வாங்கலாம், சேணத்தோடு. "ஒரு கொல்லனோட கிறுக்கலுக்கு இது ஜாஸ்தி, டகன்" என்று லோரிமர் முனகினார். முனகிக்கொண்டே பணப்பெட்டியைத் திறந்தும் காட்டினார். விலை பேச என்னை அனுப்பினார்கள்.

அது 1921. லோரிமர்தான் ப்ரோல்கா மோட்டார் கம்பெனியின் தலைவர். காலின்ஸ் தெருவில் கம்பளம் விரித்த அலுவலகம், சுவரில் கம்பெனியின் சின்னமான ப்ரோல்கா கொக்கின் படம், கொக்குக்குக் கீழே அவர். நான் அவருக்குப் பங்கு விற்றுக் கொடுப்பவன். ஊர் ஊராகப் போய், கோதுமை விளைகிற சீமையில், பங்கு ஒன்று ஒரு பவுண்டு என்று விவசாயிகளின் சமையலறை மேசையில் வைத்து விற்பேன்.

வண்டி உருவாகிக்கொண்டிருந்தது காலின்ஸ் தெருவில் அல்ல, புட்ஸ்கிரேயில். ஒரு பக்கம் தோல் பதனிடும் தொட்டிகள், மறுபக்கம் ஆட்டுக் கொழுப்பை உருக்குகிற ஆலை. நடுவில் தகரக் கொட்டகை. அங்கே மூச்சுவிட்டால் நாற்றம் மூக்கில் நிற்காது, நாக்கில் வந்து உட்காரும். பங்குதாரர்கள் யாராவது பார்க்க வந்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே "அற்புதம், அற்புதம்" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். பாஸ்கோ அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்து கறி அடைத்த ரொட்டி தின்பான். அவன் பலராட் ஊரில் இரும்பு வார்ப்பு வேலை கற்ற கார்னிஷ் வம்சத்துக்காரன். எங்கள் எஞ்சினைச் செய்துகொண்டிருந்தவன் அவன்தான், அவன் மட்டும்தான்.

கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தை எழுதியது நான். அதன் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "எஞ்சினின் ஒவ்வொரு துண்டும் இந்த மண்ணிலேயே வார்க்கப்பட்டு, இந்த மண்ணிலேயே கடையப்பட்டது." எழுதியபோது நான் எந்த எஞ்சினையும் திறந்து பார்த்ததில்லை. ஆனால் பங்கை விற்றுக் கொடுத்தது அந்த வரிதான். போருக்குப் போன மகனைப் பிரான்சில் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளில் அதைக் கொஞ்சம் மெதுவாக வாசிப்பேன். மெதுவாக வாசித்தால் ஐந்து பங்கு கேட்டவர் பத்து வாங்குவார்.

பாஸ்கோவின் முதல் எஞ்சினில் வார்ப்பு சரியில்லை. இரும்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். குளிரவைக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து, ஜீலாங் சாலையில் வண்டி தேநீர்க் கெண்டி மாதிரி வெள்ளை ஆவி விட்டபடி நின்றது. இரண்டாவது எஞ்சின் நன்றாக ஓடியது, பென்ட்லண்ட் மலைச்சரிவின் பாதிவரை. அங்கே எஞ்சினைச் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டாக உடைந்தது. சத்தம் ஒரு மைலுக்குக் கேட்டதாம். மூன்றாவதைத் தானே மர அச்சு செதுக்கி, தானே மணல் இடித்து, தானே வார்த்தான். அது ஓடியது, உடையவில்லை, கசியவில்லை. ஆனால் காய்ந்த மரப் பீப்பாய் தண்ணீர் குடிக்கிற மாதிரி எண்ணெய் குடித்தது.

"நாலு மாசம் குடுங்க" என்றான் பாஸ்கோ. "பிஸ்டன் வளையத்தை மாத்தி வார்க்கணும். எண்ணெய் நிக்கும்."

லோரிமரிடம் மூன்று வாரம்தான் இருந்தது. பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்தைப் பென்ட்லண்ட் மலையடிவாரத்தில் வைப்பதாகவும், அவர்கள் கண்முன்னே ப்ரோல்கா மலையேறும் என்றும் பத்திரிகையில் போட்டாயிற்று. போடச் சொன்னவனும் நான்தான்.

அடுத்த வாரம், லோரிமர் யாருக்கும் சொல்லாமல் முன்பே வரவழைத்திருந்த ஒரு பெட்டி துறைமுகத்திலிருந்து வந்தது. பைன் மரப் பெட்டி, சான் பிரான்சிஸ்கோ துறைமுக முத்திரை. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் ஓர் அமெரிக்க எஞ்சின், புத்தம் புதுசு. அதன் இடுப்பில் செய்தவர்களின் பெயர் வார்த்திருந்தது. லோரிமர் இரண்டு கூலி ஆட்களை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தப் பெயரை அரத்தால் தேய்க்கச் செய்தார். தேய்த்த இடத்தின் மேல் பித்தளைக் கொக்கு ஒன்றைத் திருகினார்கள்.

திங்கட்கிழமை போனபோது தரையில் சாம்பல் நிறத்தில் இரும்புப் பொடி கிடந்தது. எனக்கு உடனே அப்பாவின் லாயம் ஞாபகத்துக்கு வந்தது. கிழக் குதிரையை இளசு என்று விற்க, அவர் அதன் வாயைப் பிளந்து பல்லை அரத்தால் ராவுவார். ராவி முடித்ததும் வைக்கோல் மேல் இதே மாதிரி பொடி கிடக்கும். அந்தப் பல்பொடியின் வாசம் எனக்குச் சின்ன வயதிலேயே குமட்டும். "வாந்தி எடுக்கறதா இருந்தா வெளிய போய் எடு, வாங்க வந்தவன் பார்த்துடப் போறான்" என்பார் அப்பா. புட்ஸ்கிரேயில் கொழுப்பு நாற்றத்தையும் மீறி அந்த வாசம் வந்தது. நான் வெளியே போகவில்லை. கற்றுக்கொண்டுவிட்டிருந்தேன்.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். பெட்டிக்குள் தோல் சுருளில் ஏழெட்டு ஸ்பேனர்கள் எஞ்சினோடு வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் பொறித்திருந்தது. வண்டியோடு இவை போனால் மாட்டிக்கொள்வோம் என்று சுருளை எடுத்து வேலைமேசைக்கு அடியில் எறிந்தேன். லோரிமர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் பாஸ்கோவின் கையெழுத்து தேவைப்பட்டது. "இந்த எஞ்சினை நானே புட்ஸ்கிரேயில் வார்த்துக் கடைந்தேன்" என்று ஒரு சான்றிதழ். அதில் அவன் பெயரைப் போட்டால் பங்குச் சந்தையிலேயே விற்கலாம். வார்ப்புத் தொழிலில் இருந்த அத்தனை பேருக்கும் அவனைத் தெரியும். அவன் சொன்னால் நம்புவார்கள்.

நான் போனபோது அவன் அமெரிக்க எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றி விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லோரிமர் ஒரு காகிதம் குடுத்தனுப்பியிருக்கார், பாஸ்கோ."

"வை. மேசையில எண்ணெய் இருக்கு, பார்த்து வை."

"எஞ்சின் எப்படி?"

"இங்க வா, குனி. சட்டை அழுக்காகாது, பயப்படாத. இந்த பேரிங்கைப் பாரு. கிராங்குக்கும் அதுக்கும் நடுவுல முடி நுழையாது. எவனோ ஒருத்தன் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போகாம உக்காந்து சுரண்டியிருக்கான்."

"அப்ப உனக்கும் பிடிச்சிருக்கு. வேலை சுலபமாப் போச்சு."

"அவன் பேரை யாரு தேச்சது?"

"கூலிக்கு ரெண்டு பேரு."

"கூலிக்காரனைக் கேக்கலை. தேய்க்கச் சொன்னது யாரு?"

நான் காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். "இருநூத்தம்பது பவுண்டு, பாஸ்கோ. கையில."

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தான். மறுபடியும் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"மலை ஏறட்டும். அங்க சொல்றேன்."

சந்தையில் வளர்ந்தவனுக்கு அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். விலையை ஏற்று. செவ்வாய்க்கிழமை முந்நூறு என்றேன். "மலை ஏறட்டும்." வியாழக்கிழமை முந்நூற்றைம்பது. "மலை ஏறட்டும், டகன். உனக்குக் காது கேக்காதா?" நான் லோரிமரிடம் போய், ஆள் கெட்டிக்காரன், நானூறில் படிவான் என்றேன். குதிரைக்காரனின் மகன் என்றுதானே உன்னை வேலைக்கு வைத்தேன் என்று அவர் எரிந்து விழுந்தார். எனக்குப் பாஸ்கோ மேல் மரியாதையே வந்துவிட்டது. இவ்வளவு நன்றாக வாயை மூடிக்கொண்டு பேரம் பேசுகிறவனை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மலையடிவாரத்துப் பாக்கஸ் மார்ஷுக்குத் தனியாக இரண்டு ரயில் பெட்டிகள் பிடித்திருந்தோம். இருநூறு பங்குதாரர்கள், பெண்களும் குழந்தைகளுமாக. ஒரு பீப்பாய் பீர், பெரிய தேநீர் அண்டா, ஆட்டுக்கறி வைத்த ரொட்டி. லோரிமர் சாம்பல் நிறத் தொப்பியைக் கையில் பிடித்தபடி பேசினார். "இந்த மண்ணின் இரும்பு" என்றதும் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பத்திரிகைக்காரனின் கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ப்ரோல்கா ஏறியது. ஏறியது என்றா சொல்வது? மிதந்தது. உடைந்த எஞ்சின் நின்றுபோன அந்த வளைவைத் தாண்டும்போது சத்தம்கூட மாறவில்லை. எல்லோரும் குதிரை வண்டிகளிலும் நடந்தும் மேலே போய்ச் சேருவதற்குள் அது உச்சியில் நின்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தொப்பிகள் பறந்தன. பாஸ்கோ ஒரு வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்று, தலையைச் சாய்த்து அந்த எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்தது. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பம்பின் கழுத்து நட்டு லேசாகத் தளர்ந்திருந்தது. ஓட்டுநர் மூடியைத் திறந்தான். பித்தளைக் கொக்கு பளபளத்தது. கருவிப் பெட்டியைத் திறந்தான். அது காலி.

"தள்ளுங்கப்பா, தள்ளுங்க." ஹார்ஷம் பக்கத்து மிஸஸ் டன்ஸ்டன். கணவர் போனபின் அறுநூறு ஏக்கரைத் தனியாக ஓட்டுகிறவர், அறுவடை இயந்திரத்தைத் தானே பிரித்து மாட்டுகிறவர். நான் விற்றதில் நாற்பது பங்கு அவருடையது. மேலங்கிப் பையிலிருந்து துணியில் சுற்றிய மூன்று ஸ்பேனர்களை எடுத்தார். ஒன்றை வைத்தார், தொளதொளத்தது. அடுத்ததை வைத்தார், உள்ளேயே போகவில்லை. மூன்றாவது வழுக்கி அவர் விரல்முட்டியைச் சிராய்த்தது.

"என்ன கண்றாவி இது? இங்கிலீஷ் அளவு எதுவுமே சேரலையே. பக்கத்துப் பண்ணைக்காரன் அமெரிக்க டிராக்டரை வாங்கிட்டு இப்படித்தான் முழிச்சான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயரைத் தேய்த்தோம், பெயிண்ட் அடித்தோம், கொக்கைத் திருகினோம். எங்கள் ஊரில் அடுப்படிப் பம்பிலிருந்து ரயில் வரைக்கும் நட்டுக்கு ஓர் அளவு, அமெரிக்கர்களுக்கு வேறு அளவு என்பது பண்ணையில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். காலின்ஸ் தெருவில் தெரியவில்லை. குதிரைச் சந்தையிலும் தெரியவில்லை. அளவு பொருந்துகிற ஸ்பேனர்களையும் நானே என் கையால் எடுத்து எறிந்திருந்தேன்.

லோரிமர் மட்டும் அசரவில்லை. "அது பாஸ்கோ புதுசா யோசிச்ச நட்டும்மா. உலகத்துலயே வேற எங்கயும் கிடையாது. பாஸ்கோ! வாப்பா, நீயே சொல்லு."

பாஸ்கோ வந்தான். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தான். நட்டில் வைத்தான், பல்லில் பல் பொருந்துகிற மாதிரி உட்கார்ந்தது. கால் சுற்று. சொட்டு நின்றது. கூட்டம் கைதட்டியது, லோரிமர் அவன் தோளில் கை போட்டார்.

பாஸ்கோ அந்தக் கையை எடுத்துவிட்டு ஸ்பேனரை மிஸஸ் டன்ஸ்டனிடம் நீட்டினான். "இதுல எழுதியிருக்கறதைப் படிங்கம்மா. சத்தமா."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "டெட்ராய்ட்."

"எஞ்சினும் அங்கதான் செஞ்சது" என்றான் பாஸ்கோ. அவன் குரலை உயர்த்தவேயில்லை. "என் எஞ்சின் கொட்டகையில கிடக்கு. எண்ணெய் குடிக்குது, இன்னும் நாலு மாச வேலை இருக்கு. இது நல்ல எஞ்சின். இதை நான் செஞ்சேன்னு எழுதிக் கையெழுத்து கேக்கறாங்க." காகிதத்தை எடுத்து விரித்தான். "செஞ்சவன் பேரை அரத்தால தேச்சுட்டாங்க. அவன் பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா இங்க அதைத்தான் போடுவேன்."

காகிதத்தை நாலாக மடித்து லோரிமரின் தொப்பிக்குள் போட்டான்.

லோரிமரைக் கிழித்துவிடுவார்கள் என்று நினைத்து நான் இரண்டடி பின்வாங்கினேன். இருநூறு பேர், பாதிப்பேர் கையில் கைத்தடி வைத்திருந்தார்கள். 

"இப்ப இதை யாருய்யா கேட்டா?" என்றார் ஒரு வைக்கோல் வியாபாரி. கேட்டது பாஸ்கோவை.

"மெதுவாப் பேசு, பத்திரிகைக்காரன் இருக்கான்."

"அவன் கீழ பீப்பாய்கிட்ட இருக்கான். அவனுக்கு இப்ப டெட்ராய்ட்டும் தெரியாது, அவன் வீடும் தெரியாது."

"எங்கிட்ட அறுபது பங்கு இருக்கு, பாஸ்கோ. உன் மனசாட்சிகிட்ட எத்தனை இருக்கு?"

சிரித்தார்கள். நிம்மதியாகச் சிரித்தார்கள். பேச்சின்போது கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தக் கிழவர்தான் முதலில் எறிந்தார். ரொட்டிக்குள்ளிருந்து உருவிய ஆட்டுக் கொழுப்புத் துண்டு. அது பாஸ்கோவின் தொப்பி விளிம்பில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அப்புறம் ஒரு பொடியன் எறிந்தான், அவன் அம்மா தடுக்கவில்லை. பாஸ்கோ விரலால் அதைத் தட்டிவிட்டுவிட்டு மலையிறங்கி நடந்தான்.

மிஸஸ் டன்ஸ்டன் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். ஒருத்தராவது இருக்கிறாரே, இவர் என் கன்னத்தில் அறைவார் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தைக் காட்டவும் தயாராக இருந்தேன்.

"டகன், விலை எறங்கறதுக்குள்ள என் நாப்பதையும் தள்ளிவிட்டுக் குடுக்க முடியுமா?"

"யார்கிட்டம்மா?"

"என் வீட்டுக்காரரோட தம்பி இருக்கானே, அவன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன்கிட்ட அந்த வரியை வாசி. அதான், இந்த மண்ணுலயே வார்த்ததுன்னு வருமே. நீ நல்லா வாசிக்கறே."

சிராய்த்த முட்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே சொன்னார். ஸ்பேனர்களைத் திரும்பத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார், டெட்ராய்ட் ஸ்பேனரையும் சேர்த்து. புட்ஸ்கிரே நாற்றம் அந்த மலைமேல் வர வழியே இல்லை. ஆனாலும் வந்தது.

நான் ஓடிப்போய்ப் பாஸ்கோவைப் பாதி இறக்கத்தில் பிடித்தேன்.

"நட்டு விஷயம் உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"பெட்டியைத் தெறந்த அன்னிக்கே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ விலைதானே கேட்ட. நட்டைப் பத்தி எப்பக் கேட்ட?" நடையை நிறுத்தாமல் மலையைத் திரும்பிப் பார்த்தான். "என்னா அழகா ஏறுச்சு பார்த்தியா? அந்த வளைவுல பல்சக்கரச் சத்தம்கூட மாறலை. அதைச் செஞ்சவனை ஒரு தடவை பார்க்கணும்."

தன் தொப்பியில் கொழுப்பு ஒட்டியிருந்த இடத்தில் எண்ணெய்க் கறை பரவியதை அவன் கவனிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாளில் நான் விற்ற பங்கு அதுவரை மூன்று மாதத்தில் விற்றதைவிட அதிகம். மலைக்கு வந்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மச்சான் இருந்தார், அல்லது பக்கத்து வீட்டுக்காரர், அல்லது சர்ச்சில் சேர்ந்து பாடுகிற நண்பர். மிஸஸ் டன்ஸ்டனின் மைத்துனர் வீட்டில் நல்ல தேநீர் கொடுத்தார்கள். அவர் மகனும் பிரான்சிலிருந்து திரும்பவில்லை. மெதுவாக வாசித்தேன்.

புதன்கிழமை லோரிமர் என்னைக் கூப்பிட்டு அதே சான்றிதழை, மடிப்புகளை நீவிவிட்டு, மேசைமேல் வைத்தார். பாஸ்கோ என்ற இடத்தில் கோடு போட்டு "தலைமை வடிவமைப்பாளர்" என்று எழுதியிருந்தது.

"அந்தக் கொல்லனுக்கு வேலை போச்சு. ஏதாவது ஒரு பேரு வேணும், டகன். உனக்கு எவ்வளவு?"

நூறில் ஆரம்பித்து அறுபதில் முடிக்க வேண்டும் என்று மனசு சொன்னது. முந்நூற்றைம்பது வரை நானே ஏற்றிய விலை அது. ஆனால் வாயிலிருந்து வந்தது பத்து. என் பெயருக்கு அதற்கு மேல் கேட்டால் அவர் சிரித்துவிடுவார் என்று எனக்கே தெரிந்திருந்தது. ஏழு பவுண்டு பத்து ஷில்லிங்கில் முடிந்தது. பாதி முன்பணம், மீதி அடுத்த மாதம். பேரம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போட்டேன். மை நன்றாக உலரும்வரை அவர் அதை ஊதினார்.

மொத்தம் பன்னிரண்டு வண்டிகள் விற்றோம். அத்தனைக்கும் எஞ்சின் பைன் பெட்டியில் வந்ததுதான். அடுத்த வருஷம் ஈஸ்டருக்குள் கம்பெனி மூடப்பட்டது. லோரிமர் உடல்நலத்துக்காக நியூசிலாந்து போனார்.

பாஸ்கோ தன் சம்பள பாக்கிக்குப் பதிலாக மூன்றாவது எஞ்சினைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பழைய இரும்பு என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கொழுப்பாலையில் அது இப்போது உருக்கிய கொழுப்பை இறைக்கிறது, வாரம் ஆறு நாள். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்தேன். எண்ணெய் குடிப்பதை நிறுத்திவிட்டிருந்தது. அதன் இடுப்பில் அவன் பெயர் வார்த்திருக்கிறது, கை அகலத்துக்கு, அரத்தால் தொட்டால் சிலிண்டரே போய்விடுகிற ஆழத்தில்.

கம்பெனிக் கணக்கை முடிக்க வந்தவர் கம்பெனியிடம் பணம் வரவேண்டியவர்கள் வரிசையில் என்னையும் உட்காரவைத்து எழுதிக்கொண்டார். நானும் வீட்டுக்கு வந்து எனக்காக ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்.

பாஸ்கோ செய்த எஞ்சின் மூன்று, ஓடுவது ஒன்று. வாங்கிய எஞ்சின் மலையேறியதோடு சேர்த்துப் பன்னிரண்டு; தேய்த்த பெயர் பன்னிரண்டு. பாஸ்கோவின் கையெழுத்து: நாங்கள் கேட்ட விலை முந்நூற்றைம்பது பவுண்டு, விற்றது இல்லை. மிஸஸ் டன்ஸ்டன்: போட்டது நாற்பது பவுண்டு, எடுத்தது நாற்பத்தாறு, கூட ஒரு ஸ்பேனர். அவர் மைத்துனர்: போட்டது நாற்பத்தாறு, வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறார். என் கையெழுத்து: பேசியது ஏழு பவுண்டு பத்து ஷில்லிங். வந்தது மூன்று பவுண்டு பதினைந்து. வரவேண்டியது மூன்று பவுண்டு பதினைந்து.